நான் மறைத்த கிளினிக் திகதி

தம்பி,

நீ கரைக்கு வர இன்னும் நாலு மணித்தியாலமாவது ஆகும். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று குசினி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் மூன்று நாளாக முயன்றேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் உனக்கு எஞ்சினில் ஒரு வேலை வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் வலையில் ஒரு கிழிசல் தெரிந்துவிடுகிறது. கலியாணம் கட்டப்போகிற ஆண்பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிற வயது எனக்குப் போய்விட்டது. கடிதம் என்றால் பரவாயில்லை. நீ அதை மேசையில் எறிந்துவிட்டு எழுந்து போனாலும் அது அங்கேயே கிடக்கும், பசித்து வரும்போது எடுத்து வாசிப்பாய்.

கலியாணத்துக்கு இன்னும் பதினாறு நாள். கோயிலில் பாதர் இரண்டு ஞாயிறு உங்கள் இருவரின் பெயரையும் அறிவித்துவிட்டார், மூன்றாவது அறிவித்தல் இந்த ஞாயிறு. இப்படியான நேரத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதினால், வருகிறவளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், கோபத்தை எங்கே விட்டுவிட்டு வீட்டுக்குள் வரவேண்டும் என்றெல்லாம் எழுதுவாள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான். ஆனால் நீ இருமுகிறாய். பதினொரு நாளாக இருமுகிறாய்.

எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். குளிக்கும்போது குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் இருமுகிறாய். பிறந்த நாள் முதல் ஒரு கைக்குட்டையைக்கூட அலம்பியறியாத நீ, இந்தக் கிழமை மட்டும் தலையணை உறையை மூன்று தரம் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறாய். நீ கட்டப்போகிற ஜெனிற்றா தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்க எடுக்கும்போது கராம்பு சப்புகிறாய்; அவளுக்கு அந்தப் பக்கம் மணக்காது, மடையா. நேற்று முன்தினம் உன் படுக்கையைத் தட்டிப் போட்டபோது விரிப்பு வியர்வையில் ஈரமாக இருந்தது. நீ மறைக்கிற ஒவ்வொன்றும் எனக்குத் தெரிவதற்கு உன்மேல் உள்ள பாசம் மட்டும் காரணம் இல்லை. இதே வேலையை உனக்கு முன்னமே செய்தவள் நான். எதை எங்கே ஒளிப்பது என்று எனக்கு நல்ல பழக்கம்.

போன ஞாயிறு பகல் ஜெனிற்றாவும் தாயும் இங்கே வந்திருந்தபோது நடந்ததைச் சொல்லுகிறேன். நீ கிணற்றடியில் சேர்ட்டைக் கழற்றிவிட்டு வாளி தூக்கினாய். உன் வலது விலாவில் இருக்கிற தழும்பை அவள் அப்போதுதான் கண்டாள். என்ன இது என்று கேட்டாள். "குடிச்சுப்போட்டு விழுந்து கிடந்தனான். நெஞ்சுக்குள்ள சீழ் கட்டினது. பிறகு கிளினிக்குக்கும் போகாம விட்டனான். எல்லாம் என்ர பிழைதான்" என்றாய். நான் குசினி யன்னலுக்குப் பின்னால் கட்டா மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. நீ குடித்தது உண்மை. விழுந்து கிடந்ததும் உண்மை. கிளினிக்குக்குப் போகாமல் விட்டது நீ இல்லை, தம்பி. நான். மூன்று வருடமாக அதை உன் தலையில் போட்டுவிட்டு, உனக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும், பாதி காய்ச்சலோடு போய்விட்டது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நீ அழவில்லை, குடித்தாய். திருவிழா முடிந்த மறுநாள் காலை, கள்ளும் சாராயமும் கலந்து குடித்துவிட்டு வள்ளத்தின் பக்கத்தில் மல்லாந்து கிடந்தாய். குடித்ததைச் சத்தி எடுத்து வாயெல்லாம் வழிந்து, கன்னத்தில் மண். நான் தண்ணீர் ஊற்றி எழுப்பினேன், எழும்பினாய், திட்டினேன், கேட்டுக்கொண்டாய். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சத்தியில் கொஞ்சம் மூச்சுக்குழலால் இறங்கிச் சுவாசப்பைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. நான் கடையில் குளிசை வாங்கித் தந்தேன். இருமல் வந்தது, கொத்தமல்லி அவித்துத் தந்தேன். நாற்றம் வந்தது. அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

வேறு எந்த வீடாக இருந்தாலும் அந்த நாற்றம் முதல் நாளே பிடிபட்டிருக்கும். டொக்டர் பிறகு சொன்னார், அதுதான் இந்த வருத்தத்தின் பெரிய அடையாளமாம். சளி அழுகல் நாறுமாம். நம் வீட்டில் அது எப்படித் தெரியும்? நம் கருவாட்டு வாடியில் அந்த மாதம் முழுவதும் திருக்கை கீறி உப்புப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தோம். திருக்கைக் கருவாடு காயும்போது வாடிக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், நமக்கு அது சோற்று வாசம். உன் அறைக்குள் போகும்போது ஏதோ நாறியது. நீ உடுத்திருந்த சாரத்தை எடுத்து மணந்து பார்த்தேன், வாடி நாற்றம் என்று தோய்க்கப் போட்டேன். உன் வாயை நான் மணந்து பார்க்கவில்லை. நாற்றத்தோடு பிழைக்கிறவளுக்கு நாற்றம் தெரியாமல் போனது என் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அது அறியாமல் நடந்தது. அறிந்து செய்ததற்கு இனித்தான் வருகிறேன்.

காய்ச்சல் விடாததால் மன்னார் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன், நெஞ்சுப் படம் எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். வலப்பக்கம் கீழே ஒரு வட்டம், அதன் நடுவில் நேராக ஒரு கோடு, பாதி தண்ணீர் விட்ட கோப்பையைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல. கோட்டுக்குக் கீழே சீழ், மேலே காற்று என்றார். "கன பேருக்கு மருந்தோடையே மாறிடும் அம்மா, ஆனா கன நாள் எடுக்கும், இடையில நிப்பாட்டக்கூடாது" என்றார். ஊசி போடத் தொடங்கினார்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் உன் கை நரம்பில் மருந்து. ஐந்து நாள் காய்ச்சல் அசையவில்லை. நான் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன்: காய்ச்சல் விட்டால் பூசையும், சனத்துக்குப் பாண் ரொட்டியும். ஏழாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இரண்டு கிழமை முடிய, குளிசையை ஒரு நாளும் தவறவிடாமல் போடச்சொல்லி, அடுத்த கிழமை வியாழக்கிழமை கிளினிக்குக்கு வரச்சொல்லி, அட்டையில் திகதி எழுதி வீட்டுக்கு விட்டார்கள். அட்டையை நான் வாங்கி என் கைப்பைக்குள் வைத்தேன்.

நான் பொறுத்திருக்கலாம். நேர்த்தியை ஒரு மாதம் கழித்துச் செய்தால் அந்தோனியார் கோவிக்கப்போவதில்லை. ஆனால் எனக்கு ஊருக்குச் சொல்ல அவசரம். குடிகாரன் என்று உன்னைப் பேசிய வாய்களுக்கு முன்னால், என் பிள்ளையைப் புனிதர் காப்பாற்றிவிட்டார் என்று நிற்க வேண்டும் என்று ஒரு ஆங்காரம். ஞாயிறு நன்றிப் பூசை, பாதர் உன் பெயரைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் நின்று அந்தோனியார் பெயரில் பாண் பங்கிட்டேன். வந்த ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து, "உங்கட செபம் வீண்போகேல்லை அக்கா" என்றார்கள். அப்பா இறந்த பிறகு அவ்வளவு நிமிர்ந்து நான் நடந்ததில்லை. புதன்கிழமை பின்னேரம் உன் நெற்றியில் கை வைத்தேன், சுட்டது.

மறுநாள் வியாழன். கிளினிக் நாள். அங்கே போனால் கட்டாயம் வார்டில் போடுவார்கள். கிளினிக்கில் காத்திருக்கிற வாங்கில் நம் பங்குச் சனம் பாதிப்பேர் இருப்பார்கள். முந்தாநாள் பாண் வாங்கித் தின்றவர்கள். அவர்கள் முகத்தில் விழிக்கப் பயந்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன்: நன்றிப் பாண் பங்கிட்டு இரண்டு நாளிலேயே ஆசுப்பத்திரிக்கு ஓடினால் எனக்கு நம்பிக்கை இல்லை என்று புனிதர் நினைப்பாரோ என்றும் பயந்தேன். எது பெரிய பயம் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலையில் நீ சேர்ட் போட்டுக்கொண்டு வந்து, "அம்மா, இண்டைக்கெல்லோ கிளினிக்?" என்று கேட்டாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "இல்லை, அடுத்த வியாழன் எண்டுதான் போட்டிருக்கு, போய்ப் படு" என்றேன். நீ போய்ப் படுத்தாய். தாய் சொன்னால் பிள்ளை நம்பும்தானே.

அதற்குப் பிறகு ஆறு நாள். காய்ச்சல் ஏறும்போதெல்லாம் குளிசை தந்து இறக்கினேன். யாரும் விசாரித்து வந்தால், "சும்மா சளிதான், மற்றும்படி சுகம்" என்றேன். நீ இருமுவது வெளியே கேட்காமல் இருக்க வானொலியைச் சத்தமாக வைத்தேன். நீ இப்போது குழாயைத் திறந்துவிடுகிறாயே, அதைப்போல. ஆறாம் நாள் ராணி வந்தாள். வாடியில் எனக்குக் கூட மாட மீன் கீறுகிற ராணி. இருபது வருடம் இந்தியாவில் முகாமில் இருந்துவிட்டு வந்தவள், பேச்சில் அக்கரை வாடை இன்னும் போகவில்லை. சைவ சமயக்காரி. என் நன்றிப் பூசைக்கும் அவளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கதவடியில் நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"அக்கா, திருக்கை நாத்தமும் எனக்குத் தெரியும், புண்ணு நாத்தமும் எனக்குத் தெரியும். இது திருக்கை இல்லீங்க."

"வாடி உடுப்பு கிடக்கு" என்றேன்.

அவள் என்னை விலக்கிவிட்டு உள்ளே போனாள். நீ அப்போதுதான் இருமி, கிண்ணத்தில் துப்பிவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாய். கிண்ணம் பாதி நிறைந்திருந்தது. பச்சையும் மண்ணிறமும், அதில் இரத்தம் கீற்றுக் கீற்றாக. உன் உதடு நீலம் பூத்திருந்தது. ராணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவள் ஓடிப்போய் ஓட்டோ பிடித்து வந்தாள். தம்பி, உனக்கு ஒரு புத்திமதி இந்தக் கடிதத்தில் நான் சொல்வதென்றால் இதுதான்: உன் நல்ல பெயரைப் பற்றிக் கவலைப்படாத ஒரு ஆளையாவது வீட்டுக்கு வந்துபோக விடு. நம்மைப் பற்றிப் பெருமையாக நினைக்கிற ஆட்களுக்கு நடுவில்தான் நாம் பொய் சொல்லப் பழகுகிறோம்.

ஆசுப்பத்திரியில் டொக்டர் அட்டையைப் பார்த்தார். "போன வியாழன் ஏன் வரேல்லை?" என்று உன்னைக் கேட்டார். நீ மூச்சு வாங்க, "அடுத்த வியாழன் எண்டு..." என்று தொடங்கினாய். நான் இடையில் விழுந்தேன். "நான் கூப்பிட்டனான் டொக்டர். அவன்தான் வரமாட்டன் எண்டு நிண்டவன். குடியும் விடேல்லை" என்றேன். அந்த வசனம் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. டொக்டர் உன்னைப் பேசினார். "உயிர் வேணுமோ வேண்டாமோ உமக்கு?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். கோபமாக இல்லை. குழம்பிப்போய், நான் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்பதுபோலப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாய். அவர் உன் கிளினிக் கொப்பியில் ஏதோ எழுதினார்.

புதிய படத்தில் வட்டம் பெருத்திருந்தது. மருந்தை மாற்றிப் பார்த்தார்கள், காய்ச்சல் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸில் ஏற்றும்போது கூட வந்த நேர்ஸ் பிள்ளை என்னிடம், "வலப்பக்கமாச் சரிச்சுப் பிடியுங்கோ அம்மா. எக்காரணம் கொண்டும் மற்றப் பக்கம் திரும்ப விடாதேங்கோ. சீழ் உடைஞ்சா நல்ல சுவாசப்பைக்குள்ள போயிடும், பிறகு மூச்சு எடுக்க இடமிருக்காது" என்றாள். பாலத்தால் போய், விடத்தல்தீவு தாண்டி, பூநகரி வீதியால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். நீ நினைவும் இல்லாமல் தூக்கமும் இல்லாமல் இடப்பக்கம் புரளப் பார்த்தாய். நான் முழங்காலை உன் முதுகுக்கு அண்டைகொடுத்து, இரண்டு கையாலும் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீதியில் குலுக்கல் வரும்போதெல்லாம் நீ இருமினாய், ஒவ்வொரு இருமலுக்கும் இதோ உடைந்தது, இதோ உடைந்தது என்று என் உயிர் போய் வந்தது. பிள்ளையைப் பிடித்திருக்கிற கையும் பொய் சொன்ன வாயும் ஒரே ஆளுடையதாக இருந்ததை அந்த இரண்டு மணித்தியாலமும் அனுபவித்தேன்.

யாழ்ப்பாணத்தில் பெண் டொக்டர். உன்னைவிட ஒரு பத்து வயதுதான் கூட இருக்கும். என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி, தானும் இருந்து சொன்னார். "மருந்து இரத்தத்தோடதான் போகும் அம்மா. இப்ப கட்டியைச் சுத்தித் தடிச்ச சுவர் விழுந்திட்டுது. உள்ளுக்கு இரத்த ஓட்டம் இல்லை. நாங்கள் எவ்வளவு மருந்து குடுத்தாலும் அது சுவருக்கு வெளியிலதான் நிக்கும். சீழை வெளியில எடுத்தாத்தான் மருந்து வேலை செய்யும். ஸ்கான் பாத்து விலாவுக்குள்ளால குழாய் ஒண்டு விடுவம். அதில சரிவரேல்லை எண்டா நெஞ்சைத் திறந்து அந்தப் பகுதியை வெட்டி எடுக்கவேண்டி வரும்." குழாய் போடுவதிலும் ஆபத்து இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு என்றார், காற்றுக் கசியலாம், இரத்தம் போகலாம், சீழ் நெஞ்சறைக்குள் சிந்தலாம். போடாமல் விடுவது அதைவிட ஆபத்து என்றார். பிறகு நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"போன கிழமையே கொண்டுவந்திருந்தா, டொக்டர்?"

"மருந்தை அப்பவே மாத்தியிருப்பம். குழாய் தேவைப்படாமப் போயிருக்கலாம். போட்டும் இருக்கலாம். சொல்லேலாது அம்மா" என்றார். அந்தச் சொல்லேலாது என்பதைத்தான் மூன்று வருடமாக நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை எப்படியும் நடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது உதவியது. உனக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை.

குழாய் போடச் சம்மதம் என்று நீ ஒப்பம் வைத்தாய். உன் பெயர் கோட்டுக்கு வெளியே போனது. குழாய் போட்ட அன்றே போத்தலில் ஒரு கோப்பைக்கு மேல் சீழ் இறங்கியது. அந்த அறை முழுவதும் நாறியது, எனக்கும்கூட. நேர்ஸ் போத்தலில் பிளாஸ்டர் ஒட்டி, காலையில் சீழ் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு போடுவாள். இரண்டாம் நாள் கோடு ஏறியது. மூன்றாம் நாள் ஏறவில்லை. நாலாம் நாளும் அதே கோடு, காய்ச்சல் நூற்று மூன்று. சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவர் வந்து, உன் முதுகில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு போனார். வெட்டப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. பெண் டொக்டரிடம் கேட்டேன். "நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பாப்பம். சீழ் தடிப்பா இருக்கு, குழாய் அடைச்சிருக்கு. கழுவிப் பாப்பம்" என்றார். அன்றைக்கு நான் செபம் சொன்னேன். ஆனால் பூசை, பாண் என்று எந்தப் பேரமும் பேசவில்லை. கேட்பதற்கு எனக்கு முகம் இருக்கவில்லை, கேட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சிறிஞ்சால் உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். நீ என் கையை நெரித்தாய். இரண்டு தரம் விட்டார்கள், தண்ணீர்தான் திரும்பி வந்தது. மூன்றாம் தரம் தடித்த நூல்போலச் சீழ்க்கட்டி ஒன்று வந்து, அதன் பின்னால் சீழ் இறங்கத் தொடங்கியது. நான் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிளாஸ்டர் கோட்டைத் தாண்டி விரல் உயரம் ஏறியது. டொக்டர் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. மறுநாள் காய்ச்சல் நூறு. நெஞ்சை வெட்டத் தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். கீழ்க்கடைவாயில் சூத்தை விழுந்த இரண்டு பல்லையும் பிடுங்கினார்கள். அந்த அழுக்கும் உள்ளே போயிருக்கும் என்றார்கள். பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் மருந்து.

குழாய் எடுத்த அன்று பின்னேரம், நீ முதல் முறையாகக் கட்டிலில் நிமிர்ந்து இருந்து சோறு சாப்பிட்டாய். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய். "அம்மா, நான் உண்மையாவே கிளினிக்குக்கு வரமாட்டன் எண்டு சொன்னனானோ? எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை." அதுதான் எனக்குக் கிடைத்த வாசல். சுற்றவர யாரும் இல்லை, ஊரும் இல்லை, பாண் வாங்கியவர்களும் இல்லை. நீயும் நானும்தான். நான், "ஓம், சொன்னனீ" என்றேன். நீ தலையாட்டினாய். "இனிக் குடிக்கமாட்டன் அம்மா" என்றாய். குடிக்கவும் இல்லை. அந்த வாக்கை நீ காப்பாற்றக் காப்பாற்ற, என் பொய்யால்தான் உனக்கு நன்மை வந்தது என்று நான் நினைக்கத் தொடங்கிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட, "பொய் சொன்னேன்" என்று மட்டும் பாதரிடம் சொன்னேன், யாரைப்பற்றி என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு விடும்போது பெண் டொக்டர் கடைசிப் படத்தைக் காட்டிச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். சீழ் இருந்த இடத்தில் மெல்லிய வளையம் ஒன்று மிச்சம் இருக்கிறது, சிலருக்கு அது அப்படியே தூங்கும், சிலருக்குத் திரும்பவும் நிறையும் என்றார். காய்ச்சலோ நாறுகிற சளியோ வந்தால் மூன்று நாள்கூடப் பார்த்திருக்காமல் நேரே தங்களிடம் வரச்சொன்னார். பதினொரு நாள் ஆகிவிட்டது, தம்பி. உன் சளி நாறுகிறது. இந்த முறை நான் மணந்து பார்த்தேன். நீ தோய்க்க வைத்திருந்த உறையை வாளியிலிருந்து எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை. கலியாண ஹோல் சொல்லியாகிவிட்டது, சனத்துக்குச் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளைக்குக் காசநோயோ என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்று பயம். கலியாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், அடுத்த வியாழன் பார்க்கலாம் என்று. அதற்குள் சுவர் தடித்துவிட்டது. அதற்குமேல் இன்னொன்றும் இருக்கிறது. இது உன் பிழையால் வந்த வருத்தம், நீயே அனுபவிக்க வேண்டும் என்று உனக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தை உனக்குள் வைத்தது நான். அதை எடுக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நேற்று நீ கடலில் நின்ற நேரம் நான் விடத்தல்தீவுக்கு, ஜெனிற்றா வீட்டுக்குப் போனேன். ஜெனிற்றாவையும் தாயையும் இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இருமலையும் சொன்னேன், கிளினிக் திகதியையும் சொன்னேன், டொக்டருக்கு முன்னால் உன்மேல் பழி போட்டதையும் சொன்னேன். தாய், "இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்றார்.

"பயத்தில" என்றேன்.

"இப்ப பயமில்லையோ?"

"இப்பவும் பயம்தான். ஆனா அவன் செத்துப்போவான்."

அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். கலியாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதை உனக்கு நான் மூடிச் சொல்லமாட்டேன். வரும் வழியில் கோயிலில் இறங்கி, மூன்றாவது அறிவித்தலை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொன்னேன். பாதர் காரணம் கேட்டார், சொன்னேன். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். இந்தக் கடிதத்தை நீ யாருக்குக் காட்டினாலும் காட்டு. இனி ஊருக்கு மறைக்க நம் வீட்டில் ஒன்றும் இல்லை, ஆகவே நீ மறைப்பதற்கும் காரணம் இல்லை.

நீ கோபப்படுவாய். கோபப்பட உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது, மன்னிக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. என்னோடு கதையாமல் இரு. என் கையால் சாப்பிடாமல் இரு. கலியாணம் நடந்தால் என்னைப் பின்வாங்கில் இருத்து. ஆனால் நாளைக் காலை மன்னாரிலிருந்து வெளிக்கிடுகிற முதல் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறு. பழைய படங்களும் கொப்பியும் மஞ்சள் பையில் போட்டுக் கதவடியில் வைத்திருக்கிறேன். நான் உன்னோடு வரமாட்டேன். டொக்டர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் நீயே உன் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

நேற்று நான் வெளிக்கிடும்போது ஜெனிற்றா வாசல் படலைவரைக்கும் வந்தாள்; உன்னை முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் அனுப்பப்போவதை அவளுக்குச் சொன்னேன். அழவில்லை, என்னைக் குறைசொல்லவும் இல்லை. "அந்தப் பஸ் எங்கட சந்திக்கு எத்தினை மணிக்கு வரும் எண்டு எனக்குத் தெரியும், மாமி. நான் ஏறுவன். அவரிட்டச் சொல்லுங்கோ" என்றாள். சொல்லிவிட்டேன். அவள் ஏறி, உள்ளே ஒவ்வொரு சீற்றாகப் பார்த்துக்கொண்டு வருவாள். நீ அதில் இல்லாவிட்டால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது.

அம்மா